பேஸ் கிட்டாருக்குப் பொருத்தம் பார்ப்போம்

திருமண வீடுகளிலும் கோயில் திருவிழாக்களிலும் மெல்லிசைக் குழுவினரின் நிகழ்ச்சியைக் கேட்டிருப்பீர்கள். மேடையில் ஒருவர் நீண்ட கழுத்துடைய கிட்டார் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஓர் ஓரமாக நின்று வாசிப்பார். அவருடைய வாத்தியத்தில் பெரும்பாலும் நான்கே கம்பிகள்தாம் இருக்கும். பாடகரையும் வயலினையும் கவனிக்கும் நாம் அவரைக் கவனிப்பதில்லை. ஆனால் அவர் வாசிப்பதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டால் போதும். பாட்டு அடித்தளம் இல்லாத வீடு போல ஆகிவிடும். அந்த வாத்தியம்தான் பேஸ் கிட்டார். இளையராஜாவின் திரைப்பாடல்களைக் காது கொடுத்துக் கேட்டால், பாட்டின் அடியில் தனியாக ஒரு மெட்டே ஓடிக்கொண்டிருப்பது தெரியும். அதைப் பெரும்பாலும் வாசிப்பது இந்த வாத்தியமே.

பள்ளியிலோ கல்லூரியிலோ இசைக்குழு தொடங்கும் மாணவர்கள் ஒரு தவறு செய்வதுண்டு. சாதாரண கிட்டாருக்கென்று வாங்கிய பெருக்கியிலேயே பேஸ் கிட்டாரையும் செருகிவிடுவார்கள். முதலில் ஒலி மெலிந்து கேட்கும். ஒலி போதவில்லையே என்று திருகைத் திருப்பிக்கொண்டே போவார்கள். சிறிது நேரத்தில் ‘கரகர’வென்ற சத்தம் கேட்கும். ஸ்பீக்கரின் காகிதக் கூம்பு கிழிந்திருக்கும். அல்லது அதன் கம்பிச்சுருள் கருகியிருக்கும். பலர் சேர்ந்து சேர்த்த பணம் ஒரே மாலையில் புகையாகிவிடும்!

ஏன் இப்படி ஆகிறது? பேஸ் கிட்டாருக்கு மட்டும் தனிப் பெருக்கியும் தனிப் பெட்டியும் எதற்கு? நீங்கள் பாடப்புத்தகத்தில் படித்த ஓம் விதியும் அலை இயக்கமும் இதற்கு விடை சொல்லிவிடும். திருமணத்துக்குப் பத்துப் பொருத்தம் பார்ப்பார்கள். நமக்கு நான்கு பொருத்தம் போதும்.

எட்டு மீட்டர் நீள அலை

முதலில் வாத்தியத்தைப் பார்ப்போம். பழைய காலத்து மேனாட்டு இசைக்குழுக்களில் ஆழ்ந்த சுரங்களை வாசிக்க ‘டபிள் பேஸ்’ என்ற ஆள் உயர வாத்தியம் இருந்தது. அதைத் தூக்கிச் செல்வது கடினம். முரசுகளுக்கும் ஊதுகருவிகளுக்கும் நடுவே அதன் ஒலி எடுபடுவதும் கடினம். 1951-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் என்பவர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்ற மின் வாத்தியத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதில் கம்பியின் அதிரும் நீளம் 34 அங்குலம், அதாவது ஏறத்தாழ 86 சென்டிமீட்டர். இன்றும் பெரும்பாலான பேஸ் கிட்டார்களில் இதே நீளம்தான்.

நான்கு கம்பிகளும் எழுப்பும் அதிர்வெண்கள் முறையே 41.2, 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். சாதாரண கிட்டாரின் மிகத் தடித்த கம்பி 82.4 ஹெர்ட்ஸில் அதிர்கிறது. ஆகவே பேஸ் கிட்டார் அதைவிடச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கிறது. ஐந்து கம்பிகள் உடைய பேஸ் கிட்டார்களும் உண்டு. அவற்றின் ஐந்தாவது கம்பி 31 ஹெர்ட்ஸ் வரை இறங்கும்.

காற்றில் ஒலியின் வேகம் வினாடிக்குச் சுமார் 343 மீட்டர். வேகத்தை அதிர்வெண்ணால் வகுத்தால் அலைநீளம் கிடைக்கும் அல்லவா? 343-ஐ 41.2-ஆல் வகுத்துப் பாருங்கள். 8.3 மீட்டர் வருகிறது! உங்கள் வகுப்பறையின் நீளத்தைவிடவும் இது பெரிதாக இருக்கலாம். இவ்வளவு பெரிய அலையை ஒரு சாண் அகலமுள்ள காகிதக் கூம்பினால் எழுப்ப வேண்டியிருக்கிறது. பேஸ் வாசிப்போரின் தொல்லைகள் எல்லாம் இங்கிருந்துதான் தொடங்குகின்றன.

முதல் பொருத்தம்: வாத்தியமும் பெருக்கியின் வாயிலும்

கம்பியின் அதிர்வு எப்படி மின்சாரமாகிறது? கம்பிகளுக்குக் கீழே ‘பிக்கப்’ என்ற சிறு உறுப்பு பதித்திருக்கும். அதனுள் காந்தங்கள் இருக்கும். அவற்றைச் சுற்றித் தலைமுடியைப் போன்ற மெல்லிய செப்புக்கம்பி ஆயிரக்கணக்கான சுற்றுகள் சுற்றப்பட்டிருக்கும். எஃகுக் கம்பி அதிரும்போது சுருளின் ஊடே செல்லும் காந்தப்பாயம் மாறுகிறது. பாயம் மாறினால் சுருளில் மின்னழுத்தம் தூண்டப்படும். 1831-இல் மைக்கேல் ஃபாரடே கண்டறிந்த மின்காந்தத் தூண்டல்தான் இது.

இந்த மின்னழுத்தம் மிகச் சிறியது. அதைத் தரும் சுருளுக்கோ மின்தடை அதிகம். சுமார் 10,000 ஓம் என்று வைத்துக்கொள்வோம். பெருக்கியின் நுழைவாயில் மின்தடையும் 10,000 ஓமாக இருந்தால் என்ன ஆகும்? பிறந்த மின்னழுத்தத்தில் சரிபாதி பிக்கப்பின் உள்ளேயே செலவாகிவிடும். நுழைவாயில் 10 லட்சம் ஓம், அதாவது 1 மெகா ஓம் என்றால்? நூற்றில் ஒரு பங்குதான் இழப்பு. 99 பங்கு பெருக்கிக்குள் போய்ச் சேரும். மேலும், சுருள் என்பதால் அதிர்வெண் உயர உயர அதன் எதிர்ப்பும் கூடும். ஆகவே நுழைவாயில் சிறியதாக இருந்தால் உச்ச அதிர்வெண்களே முதலில் அடிபடும். ஒலி போர்வைக்குள்ளிருந்து கேட்பது போல மங்கிவிடும்.

மின்கலம் இல்லாத சாதாரண பேஸ் கிட்டாரை 1 மெகா ஓம் அளவுள்ள நுழைவாயிலில் செருகுவது நல்லது என்பதன் காரணம் இப்போது விளங்குகிறதா? சில வாத்தியங்களின் உள்ளேயே 9 வோல்ட் மின்கலத்தில் இயங்கும் சிறு பெருக்கி ஒன்று இருக்கும். 1976-இல் வந்த ‘ஸ்டிங்ரே’ என்ற பேஸ் கிட்டார் இவ்வகையில் புகழ்பெற்றது. இவற்றுக்கு நுழைவாயில் பற்றிய கவலை குறைவு. ஆனால் இவற்றின் மின்னழுத்தம் அதிகமாக இருக்கக்கூடும். அதனால்தான் பல பெருக்கிகளில் மின்கலம் உள்ளவற்றுக்கு ஒன்று, இல்லாதவற்றுக்கு ஒன்று என இரண்டு துளைகளோ, ஒரு பொத்தானோ வைத்திருக்கிறார்கள்.

பெட்டி எதற்கு?

பெருக்கியைப் பிறகு பார்ப்போம். அதற்கு முன் ஸ்பீக்கரின் கதையைத் தெரிந்துகொள்வது நல்லது. இன்று நாம் பயன்படுத்தும் இயங்குசுருள் ஸ்பீக்கரின் செம்மையான வடிவத்தை, 1925-இல் அமெரிக்காவின் செஸ்டர் ரைஸ், எட்வர்ட் கெல்லாக் என்ற இருவர் விளக்கி வெளியிட்டனர். ஒரு காந்தத்தின் இடுக்கில் கம்பிச்சுருள் ஒன்று தொங்குகிறது. அதில் மின்னோட்டம் பாய்ந்தால் சுருள் முன்னும் பின்னும் நகர்கிறது. அதனோடு ஒட்டிய கூம்பும் நகர்ந்து காற்றைத் தள்ளுகிறது.

தாழ்ந்த சுரத்துக்குக் கூம்பு எவ்வளவு நகர வேண்டும்? இங்குதான் ஒரு வியப்பான கணக்கு இருக்கிறது. ஒரே அளவு ஒலியை எழுப்ப வேண்டுமானால், அதிர்வெண் பாதியாகும்போது கூம்பின் வீச்சு நான்கு மடங்காக வேண்டும். சாதாரண கிட்டாரின் மிக மெல்லிய கம்பியின் அதிர்வெண் சுமார் 330 ஹெர்ட்ஸ். பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி 41 ஹெர்ட்ஸ். இது எட்டில் ஒரு பங்கு. எட்டின் வர்க்கம் 64. ஆகவே அதே ஒலி அளவுக்கு அதே கூம்பு 64 மடங்கு அதிகமாக ஓடியாட வேண்டும்! கிட்டாருக்கென்று செய்த ஸ்பீக்கரின் கூம்பு அவ்வளவு தூரம் போய்வரும்படி அமைக்கப்படவில்லை. அதனால்தான் அது கிழிகிறது.

கூம்பை நீண்ட தூரம் ஓடவிடுவது ஒரு வழி. கூம்பின் பரப்பை அதிகமாக்குவது இன்னொரு வழி. 15 அங்குல விட்டமுள்ள ஒரு கூம்பின் பரப்பு சுமார் 177 சதுர அங்குலம். 10 அங்குலக் கூம்புகள் நான்கைச் சேர்த்தால் 314 சதுர அங்குலம் வருகிறது. (விளிம்பைக் கழித்தால் உண்மைப் பரப்பு சற்றுக் குறையும், ஆனால் ஒப்பீடு மாறாது.) ‘பெரிய ஸ்பீக்கர்தான் ஆழமாக ஒலிக்கும், சிறியதில் ஆழம் வராது’ என்று பலர் நினைக்கிறார்கள். அது முழு உண்மையன்று. மொத்தப் பரப்பு, கூம்பு ஓடும் தூரம், பெட்டியின் அமைப்பு ஆகிய மூன்றும் சேர்ந்தே ஆழத்தை முடிவு செய்கின்றன.

அது சரி, பெட்டி எதற்கு? கூம்பு முன்னே நகரும்போது முன்புறக் காற்று நெருக்கமடைகிறது. அதே நேரத்தில் பின்புறக் காற்று தளர்கிறது. அலைநீளம் 8 மீட்டராக இருக்கும்போது, ஒரு சாண் அகலக் கூம்பைச் சுற்றிக்கொண்டு முன்புறக் காற்று பின்புறம் ஓடிவிடுவது எளிது. நெருக்கமும் தளர்வும் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன. ஒலி பிறந்த இடத்திலேயே இறக்கிறது. பின்புறம் மூடிய பெட்டிக்குள் கூம்பைப் பொருத்தினால் இந்த அழிவு நின்றுவிடும். கிட்டார்ப் பெருக்கிகளில் பலவற்றுக்குப் பின்புறம் திறந்தே இருக்கும். கிட்டாரின் சுரங்களுக்கு அது போதும். பேஸ் கிட்டாருக்குப் போதாது.

சில பெட்டிகளின் முன்புறம் ஒரு துளையோ குழாயோ இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது காற்றோட்டத்துக்காக வைத்ததன்று. காலிப் பாட்டிலின் வாயில் ஊதினால் ‘பூம்’ என்று ஒலிக்கிறதே, அதே தத்துவம்தான் இதுவும். பாட்டிலின் கழுத்திலுள்ள காற்று ஒரு நிறை போலவும், உள்ளே அடைபட்ட காற்று ஒரு வில் போலவும் இயங்கி, குறிப்பிட்ட அதிர்வெண்ணில் ஒத்ததிர்வு கொள்கின்றன. ஜெர்மன் அறிஞர் ஹெல்ம்ஹோல்ட்ஸின் பெயரால் இதை அழைக்கிறோம். ஆல்பர்ட் தூராஸ் என்பவர் ஸ்பீக்கர் பெட்டியில் இதைப் பயன்படுத்தி 1932-இல் அமெரிக்கக் காப்புரிமை பெற்றார். துளையின் ஒத்ததிர்வால், கூம்பு தளர்ந்துபோகும் இடத்தில் பெட்டியே கைகொடுத்து ஒலியை எழுப்புகிறது. 1960-களில் ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் என்பவரும், 1970-களில் ரிச்சர்ட் ஸ்மால் என்பவரும் இதற்கான கணக்கீட்டு முறையை வகுத்துக் கொடுத்தார்கள். எந்த ஸ்பீக்கருக்கு எவ்வளவு பெரிய பெட்டி, எவ்வளவு நீளக் குழாய் என்று இன்று காகிதத்திலேயே கணக்கிட்டுவிடலாம்.

இரண்டாம் பொருத்தம்: வாத்தியமும் பெட்டியும்

துளையுள்ள பெட்டியில் ஓர் ஆபத்தும் இருக்கிறது. அதன் ஒத்ததிர்வு அதிர்வெண்ணுக்குக் கீழே போனால் பெட்டிக்குள்ளிருக்கும் காற்று வில்லைப் போல் எதிர்த்து நிற்பதில்லை. துளை வழியே வெளியேறிவிடுகிறது. பிடிப்பிழந்த கூம்பு தாறுமாறாக ஓடும். 50 ஹெர்ட்ஸுக்கு அமைத்த சிறு பெட்டியில் ஐந்து கம்பி பேஸ் கிட்டாரின் 31 ஹெர்ட்ஸை உரக்க வாசித்தால், வாட் கணக்கு சரியாக இருந்தாலும் ஸ்பீக்கர் கெட்டுப்போகலாம். ஆகவே வாத்தியத்தின் மிகத் தாழ்ந்த சுரம் எது என்று பார்த்தே பெட்டியைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

‘அப்படியானால் சிறிய பெட்டி, ஆழ்ந்த ஒலி, குறைந்த வாட்டில் நிறையச் சத்தம், மூன்றும் ஒருசேரக் கிடைக்குமா?’ என்று கேட்பீர்கள். கிடைக்காது! ஆண்டன் ஹாஃப்மன் என்பவரின் பெயரால் வழங்கும் இரும்பு விதி இதைத்தான் சொல்கிறது. மூன்றில் ஏதேனும் இரண்டைத்தான் பெறலாம். மூன்றாவதை விட்டுக்கொடுத்தே ஆக வேண்டும். சத்தத் திறனைக் குறைக்காமல் ஒரு ஸ்தாயி கீழே இறங்க வேண்டுமானால் பெட்டியின் கனஅளவு எட்டு மடங்காக வேண்டும். 60 லிட்டர் பெட்டி 480 லிட்டராகிவிடும். அதைத் தூக்க நான்கு பேர் வேண்டும்!

அப்படியானால் சிறு வானொலிப் பெட்டியில் பேஸ் கிட்டார் எப்படிக் கேட்கிறது? அதன் உள்ளங்கை அகல ஸ்பீக்கரால் 41 ஹெர்ட்ஸை எழுப்பவே முடியாது. ஆனால் கம்பி அதிரும்போது 41 மட்டுமின்றி 82, 124, 165 என்று அதன் மடங்குகளான மேற்சுரங்களும் எழுகின்றன. இந்த மேற்சுரங்களைக் கேட்டதுமே, ‘இவற்றின் தாய்ச்சுரம் 41 தான்’ என்று நம் மூளை ஊகித்து, இல்லாத சுரத்தையும் கேட்டதாகவே உணர்கிறது. பேஸ் பெட்டிகளுக்கும் இந்த உண்மை கைகொடுக்கிறது. ஆம்பெக் என்ற நிறுவனத்தின் புகழ்பெற்ற எட்டு ஸ்பீக்கர் பெட்டியை எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் வந்த அதன் வடிவத்தில் சுமார் 58 ஹெர்ட்ஸிலேயே ஒலி குறையத் தொடங்கிவிடுகிறது. 40 ஹெர்ட்ஸில் 10 டெசிபல் குறைந்துவிடுகிறது. ஆயினும் அதைக் கேட்டவர்கள் ஆழம் போதவில்லை என்று சொல்வதில்லை.

மூன்றாம் பொருத்தம்: ஓம் கணக்கு

இனிப் பெருக்கிக்கு வருவோம். பெருக்கியின் பின்புறத்தில் ‘4 ஓமில் 300 வாட்’ என்பது போல எழுதியிருக்கும். இதன் பொருள் என்ன? ஸ்பீக்கரும் ஒரு மின்தடை போலவே நடந்துகொள்கிறது. அதன் எதிர்ப்பு அதிர்வெண்ணுக்கு ஏற்ப மாறுவதால் மின்னெதிர்ப்பு என்கிறோம். 4 ஓம், 8 ஓம் என்பவை அதன் பெயரளவு மதிப்புகள்.

திறன் என்பது மின்னழுத்தத்தின் வர்க்கத்தை மின்தடையால் வகுத்தால் வருவது. 4 ஓமில் 300 வாட் என்றால் மின்னழுத்தம் ஏறத்தாழ 34.6 வோல்ட். டிரான்ஸிஸ்டர் பெருக்கிகள் மின்னழுத்தத்தை ஏறத்தாழ மாறாமல் வைத்திருக்கும். எனவே,

8 ஓம் இணைத்தால் 150 வாட், 4.3 ஆம்பியர்;

4 ஓம் இணைத்தால் 300 வாட், 8.7 ஆம்பியர்;

2 ஓம் இணைத்தால் 600 வாட், 17.3 ஆம்பியர்.

கடைசி வரியைக் கவனியுங்கள். 300 வாட்டுக்கென அமைத்த பெருக்கியிடம் 600 வாட் கேட்கிறோம்! 17 ஆம்பியரைத் தாங்காமல் டிரான்ஸிஸ்டர்கள் சூடேறும். காப்புச் சுற்று இல்லாவிட்டால் எரிந்துபோகும். ஆகவே டிரான்ஸிஸ்டர் பெருக்கியில் குறிப்பிட்ட ஓம் அளவுக்குக் கீழே போகவே கூடாது. மேலே போகலாம், திறன் குறையுமே தவிர ஆபத்து இல்லை.

இரண்டு பெட்டிகளை ஒரே பெருக்கியில் மாட்டினால் அவை வழக்கமாகப் பக்க இணைப்பாக அமைகின்றன. 8 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 4 ஓம். 4 ஓம் பெட்டிகள் இரண்டு சேர்ந்தால் 2 ஓம். 8 ஓமும் 4 ஓமும் சேர்ந்தால்? 32-ஐ 12-ஆல் வகுத்தால் 2.67 ஓம். இந்தக் கணக்கைப் போடாமல் இரண்டாவது பெட்டியை மாட்டியதால் பழுதான பெருக்கிகள் ஏராளம். கலப்பு இணைப்பில் இன்னொரு சிக்கலும் உண்டு. 4 ஓம் பெட்டி, 8 ஓம் பெட்டியைப் போல இரு மடங்கு திறனை இழுத்துக்கொள்ளும். ஆகவே ஒரே மாதிரியான இரு பெட்டிகளை இணைப்பதே நல்லது.

வால்வுப் பெருக்கிகளின் கதை வேறு. அவற்றில் வால்வுகளுக்கும் ஸ்பீக்கருக்கும் நடுவே ஒரு மின்மாற்றி இருக்கிறது. அதில் எந்த ஓம் முனை தேர்ந்தெடுக்கப்பட்டிருக்கிறதோ அதே ஓமில் பெட்டியை இணைக்க வேண்டும். ஸ்பீக்கரே இணைக்காமல் வாசிப்பது இவற்றுக்கு மிகவும் ஆபத்தானது. போக வழியில்லாத ஆற்றல் மின்மாற்றியில் உயர் மின்னழுத்தமாக எழும்பி அதன் காப்பை உடைத்துவிடும்.

1969-இல் ஆம்பெக் நிறுவனம் கொண்டுவந்த ‘எஸ்.வி.டி.’ பெருக்கி இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. 14 வால்வுகள், 300 வாட், எடை ஏறத்தாழ 40 கிலோ. அதற்கு 10 அங்குல ஸ்பீக்கர்கள் எட்டு கொண்ட மூடிய பெட்டிகள் இரண்டு. ஒவ்வொரு ஸ்பீக்கரும் 32 ஓம். எட்டைப் பக்க இணைப்பில் சேர்த்தால் 32-ஐ 8-ஆல் வகுத்து 4 ஓம். இரண்டு பெட்டிகளும் சேர்ந்தால் 2 ஓம். பெருக்கியின் மின்மாற்றியிலும் 2 ஓமுக்கு இடம் இருந்தது. அந்நாளைய ஸ்பீக்கர்களால் 300 வாட்டையும் ஒரே பெட்டியில் தாங்க முடியாது என்பதால் சுமையை 16 கூம்புகளுக்குப் பகிர்ந்தளித்தார்கள். கணக்குப் பொருந்தியதால் ஆயிரக்கணக்கான மக்கள் கூடிய அரங்குகளிலும் பேஸ் கிட்டார் எடுபட்டது.

இதற்கு மாறான கதை ஒன்றும் உண்டு. லியோ ஃபெண்டர் தம் பேஸ் கிட்டாருக்கென்றே 1952-இல் ‘பேஸ்மேன்’ என்ற பெருக்கியை வெளியிட்டார். முதலில் அதில் 15 அங்குல ஸ்பீக்கர் ஒன்று இருந்தது. 1950-களின் நடுவில் 10 அங்குல ஸ்பீக்கர்கள் நான்கு வந்தன. பின்புறம் திறந்த அந்தப் பெட்டியைப் பேஸ் வாசிப்போரைவிடச் சாதாரண கிட்டார் வாசிப்போரே அதிகமாக விரும்பினார்கள்! 1960-களின் தொடக்கத்தில் லண்டனில் ஜிம் மார்ஷல் என்பவரின் கடையில் உருவான கிட்டார்ப் பெருக்கிக்கும் அதன் மின்சுற்றே முன்மாதிரியாயிற்று. பெயரைப் பார்த்துப் பொருத்தம் முடிவு செய்யக் கூடாது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

நான்காம் பொருத்தம்: வாட்டும் டெசிபலும்

‘500 வாட் பெருக்கி, 250 வாட் பெருக்கியைவிட இரு மடங்கு சத்தமிடும்’ என்று நினைப்பது இயல்பு. ஆனால் நம் காது அப்படிக் கணக்கிடுவதில்லை. வாட்டை இரட்டித்தால் ஒலி அளவு 3 டெசிபல்தான் கூடும். ‘சற்றுக் கூடியிருக்கிறது’ என்று தோன்றும், அவ்வளவே. இரு மடங்கு உரக்கக் கேட்பதாகத் தோன்ற 10 டெசிபல் கூட வேண்டும். அதற்கு வாட் பத்து மடங்காக வேண்டும்.

ஆகவே வாட்டை மட்டும் பார்த்து ஏமாறக் கூடாது. பெட்டியின் குறிப்பேட்டில், 1 வாட் கொடுத்தால் 1 மீட்டர் தூரத்தில் எத்தனை டெசிபல் என்ற எண் இருக்கும். ஒரு பெட்டி 94, இன்னொன்று 97 என்று வைத்துக்கொள்வோம். முதலாவதில் 200 வாட் கொடுத்துப் பெறும் ஒலியை இரண்டாவதில் 100 வாட்டிலேயே பெற்றுவிடலாம்.

இன்னொரு கணக்கைப் பாருங்கள். 300 வாட் பெருக்கியும் 8 ஓம் பெட்டி ஒன்றும் வைத்திருக்கிறீர்கள். பெருக்கி 4 ஓமைத் தாங்கும். ஒலி போதவில்லை. கையில் கொஞ்சம் பணம் இருக்கிறது. 600 வாட் பெருக்கி வாங்கலாமா? அதே போல இன்னொரு பெட்டி வாங்கலாமா? பெருக்கியை மாற்றினால் கிடைப்பது 3 டெசிபல். அந்த ஒற்றைப் பெட்டி அதைத் தாங்குமா என்பதும் ஐயம். இரண்டாவது பெட்டியை மாட்டினாலோ, மின்தடை பாதியாவதால் திறன் இரட்டித்து 3 டெசிபல். கூம்புப் பரப்பு இரட்டித்துத் தாழ்ந்த சுரங்களில் மேலும் 3 டெசிபல். ஆக மொத்தம் 6 டெசிபல்! சுமையும் இரண்டாகப் பிரிந்துவிடுகிறது. கணக்குத் தெரிந்தவருக்குப் பணமும் மிச்சம், பெருக்கியும் பத்திரம்.

ஸ்பீக்கருக்குக் கொடுக்கும் திறனில் ஒலியாவது நூற்றுக்கு இரண்டு, மூன்று பங்குதான். மீதியெல்லாம் சுருளில் வெப்பமாகிறது. 100 வாட் கொடுத்தால் 95 வாட்டுக்கு மேல் வெப்பம் என்றால் சுருள் ஏன் கருகாது? ஆகவே பெட்டி தொடர்ந்து தாங்கக்கூடிய வாட் அளவு, பெருக்கியின் வாட்டுக்குச் சமமாகவோ சற்றுக் கூடுதலாகவோ இருப்பது நல்லது.

‘சிறிய பெருக்கிதானே, பெரிய பெட்டியை என்ன செய்துவிடும்?’ என்றும் அலட்சியமாக இருந்துவிடக் கூடாது. பெருக்கியை அதன் எல்லைக்கு மேல் விரட்டினால் அலையின் உச்சிகள் வெட்டுப்பட்டுத் தட்டையாகும். முழுமையாக வெட்டுப்பட்ட சதுர அலை, அதே உச்ச மின்னழுத்தமுள்ள சைன் அலையைப் போல் இரு மடங்கு திறனைச் சுமந்து செல்கிறது. 100 வாட் பெருக்கி 200 வாட்டை நெருங்கிவிடும்! வெட்டுப்பட்ட அலையில் உச்ச அதிர்வெண்களும் மிகுதி. பெட்டியின் மூலையிலுள்ள சிறு ஸ்பீக்கர்தான் முதலில் பலியாகும்.

பெருக்கியையும் பெட்டியையும் இணைக்கும் கம்பியும் முக்கியம். வாத்தியத்தைச் செருகும் மெல்லிய கம்பியை இங்கே பயன்படுத்தலாகாது. பார்வைக்கு இரண்டின் செருகிகளும் ஒன்று போலிருக்கும். ஆனால் கம்பியின் தடை 1 ஓமாக இருந்து பெட்டி 4 ஓமாக இருந்தால், ஐந்தில் ஒரு பங்கு திறன் கம்பியையே சூடாக்கும். தடித்த ஸ்பீக்கர் கம்பியே ஏற்றது.

இன்று நிலைமை மாறியிருக்கிறது. 40 கிலோ வால்வுப் பெருக்கியின் வேலையை இரண்டு மூன்று கிலோ எடையுள்ள பெருக்கி செய்துவிடுகிறது. அதில் டிரான்ஸிஸ்டர்கள் வினாடிக்குப் பல லட்சம் முறை திறந்து மூடும் விசைகளாக வேலை செய்வதால் வெப்ப இழப்பு மிகக் குறைவு. 1980-களின் தொடக்கத்தில் ஜப்பானில் மசாட்டோ சகாவாவும் அமெரிக்காவில் ஜான் குரோட்டும் தனித்தனியே கண்டறிந்த நியோடிமியக் காந்தம் ஸ்பீக்கரின் எடையையும் குறைத்துவிட்டது. ஆனால் ஓம் விதியும் ஹாஃப்மனின் இரும்பு விதியும் மாறவில்லை!

காதுக்கும் ஓர் எல்லை

ஐந்தாவதாக ஒரு பொருத்தமும் இருக்கிறது. அது பெருக்கிக்கும் உங்கள் காதுக்கும் உள்ளது. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கக் கூடாது என்று அமெரிக்கத் தொழில் சுகாதார ஆய்வாளர்கள் பரிந்துரைக்கிறார்கள். ஒவ்வொரு 3 டெசிபல் கூடும்போதும் நேரம் பாதியாகும். இந்தக் கணக்கில் 100 டெசிபலுக்கு 15 நிமிடமே எல்லை. உட்காதிலுள்ள மயிர்ச் செல்கள் ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை. கிழிந்த கூம்பை மாற்றலாம். காதை மாற்ற முடியாது. பெருக்கிக்கு மிக அருகில் நின்று பயிற்சி செய்வோர் காதடைப்பான் அணிய வேண்டும்.

செய்து பாருங்கள்

பழுதான வானொலியிலிருந்து சிறு ஸ்பீக்கர் ஒன்றைக் கழற்றி எடுத்துக்கொள்ளுங்கள். அதன் இரு முனைகளிலும் 1.5 வோல்ட் மின்கலத்தை ஒரு கணம் தொட்டு எடுங்கள். ‘டொக்’ என்ற ஒலியோடு கூம்பு முன்னேயோ பின்னேயோ நகரும். மின்கலத்தைத் திருப்பித் தொட்டால் எதிர்த்திசையில் நகரும்.

அடுத்து, அதே ஸ்பீக்கரை மின்கலத்தில் இயங்கும் வானொலியோடு இணைத்து, கையில் பிடித்தபடி பாட்டுக் கேளுங்கள். ஒலி தகரத்தைப் போல இருக்கும். இப்போது பெரிய அட்டை ஒன்றில் கூம்பின் அளவுக்குத் துளையிட்டு, அதன் மேல் ஸ்பீக்கரை இடைவெளியின்றி அழுத்திப் பிடியுங்கள். பாட்டில் ஆழம் வந்து சேர்வதைக் கேட்பீர்கள். வானொலியின் திருகை நீங்கள் தொடவே இல்லை. முன்புறக் காற்று பின்புறம் ஓடுவதை மட்டுமே தடுத்தீர்கள்.

ஒரு கணக்கும் தருகிறோம். ஒரு டிரான்ஸிஸ்டர் பெருக்கி, ‘குறைந்தது 4 ஓம்’ என்று குறிக்கப்பட்டிருக்கிறது. உங்களிடம் 8 ஓம் பெட்டிகள் மூன்று இருக்கின்றன. மூன்றையும் பக்க இணைப்பில் மாட்டலாமா? கூடாதென்றால் எத்தனை மாட்டலாம்? விடையைத் தாளில் போட்டுப் பார்த்த பிறகே செருகியைக் கையில் எடுங்கள்.